டிஸ்க் பிரேக் இருக்கு, வண்டி நிக்கல!

பழவேற்காட்டையும் லைட் ஹவுஸ் குப்பத்தையும் சேர்க்கும் பாலத்துக்கு நீங்கள் போயிருக்கலாம். ஒரு பக்கம் ஏரி, தூரத்தில் லைட் ஹவுஸ், கீழே படகுகள். செல்ஃபி எடுக்க நல்ல இடம். போன கோடை லீவில் அந்தப் பாலத்து இறக்கத்தில்தான் என் மாமா பையன் சைக்கிளோடு விழுந்தான்.

பின்னால் கேரியரில் ஐஸ் போட்ட மீன் பெட்டி. எதிரே ஓர் ஆயா கூடையோடு ரோட்டைக் கடந்தார். இவன் இரண்டு பிரேக் லீவரையும் ஹேண்டில் பாரைத் தொடும் வரைக்கும் அழுத்தினான். வண்டி நிற்கவில்லை. ஆயாமேல் மோதக் கூடாது என்று கைப்பிடிச் சுவர் பக்கம் திருப்பிவிட்டான். மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

இதில் என் பங்கும் உண்டு. அதற்கு இரண்டு வாரம் முன்னாடி அவன் எனக்கு போன் பண்ணியிருந்தான். "அண்ணா, டிஸ்க் பிரேக்கே பிடிக்க மாட்டேங்குதுண்ணா. லீவர் இறுகுது, வண்டி நிக்கல." நான் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டே பதில் சொன்னேன்: "பேட் தேஞ்சிருக்கும்டா. மாத்திடு." அவன் மாத்தினான். மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிற அண்ணன் சொன்னால் சரியாத்தானே இருக்கும்?

சரியாக இல்லை. பேட் புதுசு, கேபிள் பழசு. பிரச்சினை கேபிளில் இருந்தது. அன்றைக்கு போனில் நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது இங்கே எழுதுகிறேன். உங்கள் சைக்கிளில் ஒயர் இழுக்கிற டிஸ்க் பிரேக், அதாவது மெக்கானிக்கல் டிஸ்க் இருந்தால், நீங்கள் கடற்கரையில் இல்லாவிட்டாலும் இது உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

பிரேக் பிடிக்கவில்லை என்றால் உடனே எதையும் வாங்க வேண்டாம். 5 மி.மீ. ஆலன் கீ ஒன்று போதும். காலிபரில் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி ஒயரை விடுவியுங்கள். இப்போது இரண்டு சோதனை.

ஒன்று, காலிபரின் கையை விரலால் தள்ளுங்கள். அது மெதுவாக நகர்ந்து, விட்டதும் டக்கென்று திரும்ப வேண்டும். இரண்டு, ஒயரின் நுனியைப் பிடித்து இழுங்கள், இன்னொருவர் லீவரை அழுத்தி விடட்டும். ஒயர் வழவழவென்று போய்வர வேண்டும். மணல் அரைக்கிற மாதிரி கரகரத்தாலோ, எங்காவது சிக்கி நின்றாலோ, நோய் கேபிளில்தான்.

நாங்கள் பிரித்துப் பார்த்தபோது காலிபரின் கை நன்றாகத்தான் இருந்தது. முன் பிரேக் ஒயர் பழுப்புத் தூளோடு வெளியே வந்தது. பின் பிரேக் ஒயரை இரண்டு கையாலும் இழுத்தும் அசைக்க முடியவில்லை. மாமா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இது பிரேக் ஒயரா, நங்கூரக் கயிறாடா?" என்றார். அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் இன்ஜினியரிங் கணக்குப்படி அது நூற்றுக்கு நூறு சரி. எப்படி என்று சொல்றேன்.

படகு கட்டும் கணக்கு

குப்பத்தில் படகைக் கட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நுனியை ஒரு சின்னப் பையன் பிடித்துக்கொண்டாலே படகு நகராது. இது பையனின் பலம் இல்லை, உராய்வின் பலம். கினமேட்டிக்ஸ் பாடத்தில் பெல்ட் டிரைவுக்கு ஒரு ஃபார்முலா படித்தோமே, ஆய்லர், ஐட்டல்வைன் பெயரில் வரும் அதே ஃபார்முலா. ஒரு பக்க இழுவிசையை மறு பக்க இழுவிசையால் வகுத்தால், 'ஈ' என்ற எண்ணின் அடுக்கில் மியூவும் தீட்டாவும் பெருக்கி உட்கார்ந்திருக்கும். மியூ உராய்வுக் கெழு, தீட்டா கயிறு சுற்றிய மொத்தக் கோணம்.

மியூ 0.3 என்று வைத்து, இரண்டு சுற்றுக்குக் கணக்குப் போட்டால் விகிதம் சுமார் 43 வரும். பையன் 1 கிலோ பிடித்தால் படகின் 43 கிலோ இழுவையைத் தாங்குவான். நான் இந்தக் கணக்கைப் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினேன். மாமாவுக்கு கையே அதைச் சொல்லும்.

இப்போது சைக்கிளுக்கு வாங்க. பிரேக் ஒயரும் ஒரு கயிறு. அது போகும் குழாயை நாம் அவுட்டர் என்கிறோம், உள்ளே ஓடுவது இன்னர். லீவரில் கிளம்பும் இன்னர், ஹேண்டில் பார் முன்னாடி ஒரு வளைவு, ஃபிரேமுக்குள் திரும்ப ஒரு வளைவு, பின் சக்கரத்துக்கிட்ட இன்னொரு வளைவு என்று திரும்பித் திரும்பித்தான் காலிபருக்குப் போகிறது. எல்லா வளைவையும் கூட்டினால் மொத்தம் 270° என்று வைத்துக்கொள்வோம். இன்னர் சுத்தமாக இருந்து மியூ 0.1 என்றால், நீங்கள் இழுத்ததில் சுமார் 62% காலிபருக்குப் போய்ச் சேரும். துருவும் மணலும் சேர்ந்து மியூ 0.3 ஆகிவிட்டால் போய்ச் சேர்வது சுமார் 24% மட்டும். உராய்வு மூன்று மடங்கு ஆனதற்கே பிரேக்கின் பலம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அடுக்கில் உட்கார்ந்திருக்கும் எண்ணின் குணம் அது.

படகைக் காப்பாற்றுகிற அதே கணக்கு பிரேக்கைக் கொல்கிறது. என் தம்பியின் லீவர் இறுகியதும், வண்டி நிற்காததும் இதனால்தான். அவன் கையின் பலம் எல்லாம் வழியிலேயே தீர்ந்துவிட்டது. லீவரை விட்டபின் பிரேக் உரசிக்கொண்டே இருந்ததற்கும் இதுவே காரணம். திரும்பி வரும்போது ஒயரை இழுக்க வேண்டியது காலிபரின் சின்ன ஸ்பிரிங்தான், அதுவும் இதே உராய்வோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இந்த ஃபார்முலாவில் வளைவின் ஆரம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வளைவு பெரியதா சிறியதா என்பதைவிட, மொத்தம் எவ்வளவு திரும்புகிறது என்பதே முக்கியம். 270° வளைவை 180° ஆகக் குறைத்தால் அந்த 62% உடனே 73% ஆகும். செலவே இல்லாத அப்கிரேடு. ஆனால் ரொம்பச் சின்ன வளைவாக மடக்கினால் அவுட்டர் நசுங்கிவிடும். அது வேறு கதை.

தாத்தாவின் பழைய ஹெர்குலஸ் சைக்கிள் இன்னும் வீட்டுத் திண்ணையில் நிற்கிறது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ரகம். அதில் ராடு பிரேக். கம்பிகளும் மூட்டுகளும் மட்டும்தான், குழாய்க்குள் எதுவும் ஓடாது. துருப்பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வேலை செய்யும். 1896-ல் ஏர்னஸ்ட் மொன்னிங்டன் பவுடன் என்பவர் காப்புரிமை வாங்கிய குழாய்க் கேபிள்தான் இன்றைக்கு நம் பிரேக்கிலும் கியரிலும் பைக் கிளட்ச்சிலும் இருக்கிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டுபோகலாம் என்பது அதன் வசதி. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது என்பது அதன் ஆபத்து.

டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு அக்கறை?

ரிம் பிரேக் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கிறது. 26 இஞ்ச் சக்கரத்தில் அது மையத்திலிருந்து சுமார் 270 மி.மீ. தள்ளி இருக்கும். 160 மி.மீ. டிஸ்க்கில் பேட் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 70 மி.மீ. சொச்சம். டார்க் என்பது விசை பெருக்கல் தூரம். அதனால் அதே அளவு நிறுத்த டிஸ்க் பேட் கிட்டத்தட்ட நாலு மடங்கு அழுத்த வேண்டும்.

அந்த நாலு மடங்கைத் தர, காலிபருக்குள் நெம்புகோல் விகிதம் அதிகமாக வைத்திருப்பார்கள். விசை கூடினால் நகர்வு குறையும், சும்மா கிடைக்காது. ஒயர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தாலும் பேட் நகர்வது மில்லிமீட்டர் கணக்கில்தான். ஆக, வழியில் ஒயர் கொஞ்சம் நீண்டாலும், அவுட்டர் கொஞ்சம் நசுங்கினாலும், லீவர் பாரைத் தொட்டுவிடும், பேட் அழுத்தாது.

எவ்வளவு நீளும்? 1.5 மீட்டர் நீளம், 1.5 மி.மீ. தடிமன் உள்ள பின்னல் ஒயரை 40 கிலோ அளவுக்கு இழுத்தால், நம் யங்ஸ் மாடுலஸ் கணக்குப்படி 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் நீளும். அதைத் தவிர்க்க முடியாது. தவிர்க்கக்கூடியது அவுட்டர் நசுங்குவது. சாதாரண பிரேக் அவுட்டருக்குள் ஒரு தட்டைக் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கும். இன்னரை இழுக்கும்போது அவுட்டர் அமுங்குகிறது. சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி எல்லாம் மூடிக்கொள்ளும். வளைவுகளில் இது இன்னும் அதிகம். பின் பிரேக் எப்போதும் பஞ்சு மாதிரி இருப்பது இதனால்தான், அங்கே அவுட்டர் நீளம் ஜாஸ்தி.

உப்பு உள்ளே எப்படிப் போகிறது?

பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, முதலிடம் ஒடிசாவின் சிலிகாவுக்கு. மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீர் கொண்டுவரும். கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் வங்காள விரிகுடா, நடுவில் குப்பங்கள். அங்கே காற்றிலேயே உப்பு.

சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75%-ஐத் தாண்டினால் அது தானே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி கசகசப்பது அதனால்தான். கேபிளுக்குள் உப்பு ஒருமுறை போய்விட்டால், மழையே பெய்யாவிட்டாலும் ராத்திரி ஈரத்தில் அது நனையும், பகலில் காயும், மறுபடி நனையும். துருவுக்கு இதைவிட நல்ல சூழ்நிலை கிடைக்காது.

ஸ்டெயின்லெஸ் போட்டால் தீர்ந்ததா? பாதி தீரும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது, மேலே இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் கீறல் விழுந்தால் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். காற்றோட்டமில்லாத குழாய்க்குள் உப்புத் தண்ணீர் தேங்கினால், குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்து அங்கங்கே குழி போடும். ஆனாலும் கால்வனைஸ் ஒயரைவிட ரொம்ப நாள் வரும். கால்வனைஸில் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும், வெள்ளைத் தூளாகத் தீர்ந்துபோனதும் சிவப்புத் துரு ஆரம்பிக்கும்.

தம்பியின் சைக்கிளில் இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்தது. பின் காலிபர் கேரியருக்கு நேர் கீழே. மீன் பெட்டியில் ஐஸ் உருகி, அந்த உப்புத் தண்ணீர் தினமும் காலிபர் மேலேயே சொட்டியிருக்கிறது. ரெண்டாவது, லீவர் இறுகுகிறதே என்று மாமாவின் படகு இன்ஜினிலிருந்து எடுத்த பழைய ஆயிலை அவுட்டர் வாயில் ஊற்றியிருக்கிறான். அது சரிவில் இறங்கி நேராக காலிபருக்குப் போனது. நான் மாற்றச் சொன்ன புது பேட் அந்த ஆயிலில் ஊறிவிட்டது. டிஸ்க் பேட் ஒருமுறை எண்ணெய் குடித்தால் அவ்வளவுதான், வேறு வாங்க வேண்டும்.

என்ன வாங்குவது?

பாரிமுனை பக்கம் சைக்கிள் சாமான் கடைகளில் கேட்கலாம், ஆன்லைனிலும் கிடைக்கும். ஷிமானோ, ஜாக்வயர் மாதிரி தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. பெயரைவிட இதைப் பாருங்கள்:

இன்னர்: ஸ்டெயின்லெஸ், 1.5 அல்லது 1.6 மி.மீ. கியர் ஒயர் 1.1 அல்லது 1.2 மி.மீ., அதை பிரேக்குக்குப் போடவே கூடாது. காந்தம் ஒட்டுகிறதா என்று சோதித்து முடிவு பண்ண வேண்டாம். இழுத்துக் கம்பியாக்கிய ஸ்டெயின்லெஸும் லேசாகக் காந்தத்தில் ஒட்டும்.

இன்னரின் தலை: நேர் ஹேண்டில் பார் லீவருக்கு உருளைத் தலை, வளைந்த ரோடு பைக் லீவருக்குப் பேரிக்காய் வடிவத் தலை. பழைய ஒயரின் தலையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

அவுட்டர்: 5 மி.மீ., உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் லைனர் உள்ளது. முடிந்தால் பின் பிரேக்குக்காவது 'கம்ப்ரஷன்லெஸ்' என்று எழுதிய பிரேக் அவுட்டர். அதில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அதனால் அமுங்காது. ஒரு எச்சரிக்கை. கியர் அவுட்டரிலும் கம்பிகள் நீளவாக்கில்தான் இருக்கும், ஆனால் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பலமான கட்டு இல்லை. பிரேக் விசையில் அது வெடித்துப் பிரிந்துவிடும், பிரேக் மொத்தமாகப் போய்விடும். 'பிரேக்' என்று பாக்கெட்டில் எழுதியிருக்க வேண்டும்.

கேப்: அவுட்டரின் இரண்டு முனைக்கும் உலோகக் கேப். ரப்பர் சீல் உள்ளது கிடைத்தால் மேல் முனைக்குக் கட்டாயம் போடுங்கள்.

பட்ஜெட் இல்லையா? பரவாயில்லை. புதிய சாதாரண லைனர் அவுட்டர், துருப்பிடித்த விலை உயர்ந்த அவுட்டரைவிட எவ்வளவோ மேல். ஹைட்ராலிக் பிரேக்கில் இந்த ஒயர் தொல்லை கிடையாது என்பதும் உண்மை. ஆனால் அதில் ஏதாவது கசிந்தால் அதற்கான ஆயிலும், காற்றை வெளியேற்றும் கருவியும் பக்கத்துக் கடையில் இருக்க வேண்டும். குப்பத்தில் ஒயர்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

மாட்டுவது எப்படி?

1. பழைய அவுட்டரை அளவாக வையுங்கள், ஆனால் அப்படியே நம்பாதீர்கள். ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். எங்கும் இழுக்கக் கூடாது, தேவையில்லாத சுருளும் கூடாது. லீவரிலிருந்து காலிபர் வரை ஒரே முழு அவுட்டராகப் போக முடிந்தால் அதுவே நல்லது. நடுவில் ஒயர் வெளியே தெரியும் ஒவ்வொரு இடமும் உப்பு நுழையும் கதவு.

2. கூர்மையான கேபிள் கட்டரில் வெட்டுங்கள். சாதாரண கட்டிங் பிளேயர் முனையை நசுக்கும். வெட்டிய முனையை அரத்தால் சமமாகத் தேயுங்கள். லைனர் ஓட்டை மூடியிருக்கும், கோணி ஊசியால் திறந்துவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையை விட்டால் புது கேபிளும் பஞ்சு மாதிரிதான் இருக்கும்.

3. இன்னரில் விரலால் மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவி நுழையுங்கள். கிரீஸ் வேண்டாம் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். தடவிய கையோடு டிஸ்க்கையோ பேடையோ தொடக் கூடாது.

4. லீவரிலும் காலிபரிலும் உள்ள அட்ஜஸ்டர் திருகை முழுசாக உள்ளே திருகி, பிறகு ஒரு சுற்று வெளியே எடுங்கள்.

5. ஒயரை இழுத்து போல்ட்டை முடுக்குங்கள். காலிபரின் கை முழுசாகப் பின்னால், ஓய்வு நிலையில் இருக்க வேண்டும். லீவர் இறுக்கமாக வரட்டும் என்று ஒயரை இழுத்து, கையை முன்னாடியே நகர்த்திக் கட்டுவது ரொம்பப் பேர் செய்யும் தப்பு. கையின் நகர்வு பாதி வீணாகிவிடும். பேட் தேயத் தேய, ஒருநாள் கை முட்டி நிற்கும், பேட் டிஸ்க்கைத் தொடாது.

6. பேட் இடைவெளியை பேட் அட்ஜஸ்டர் திருகில்தான் சரிசெய்ய வேண்டும். ஒரு பேட் மட்டும் நகரும் காலிபராக இருந்தால், நகராத பேடை டிஸ்க்கில் உரசாத அளவுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள். தள்ளி வைத்தால் டிஸ்க் வளைந்துதான் அதைப் போய்த் தொடும்.

7. லீவரை 20 தடவை முழு பலத்தோடு அழுத்துங்கள். கேப்பும் அவுட்டரும் இடத்தில் உட்காரும், ஒயர் தளரும். மறுபடி போல்ட்டைத் தளர்த்தி, இழுத்து, முடுக்குங்கள். ஒயர் வழுக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். மிச்ச நுனியைக் கொஞ்சம் விட்டு வெட்டி, முனைக்கு மூடி போடுங்கள்.

8. தெருவில் மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். புது பேட் என்றால் சமதளத்தில் பல தடவை பிடித்து விட்டபிறகுதான் முழு பிடி வரும். அதற்குப் பிறகுதான் பாலம்.

கடற்கரையில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் மூன்று பழக்கம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துணி நனைத்து அவுட்டர் முனைகளையும் காலிபரையும் துடைக்க வேண்டும், பைப்பைப் பீய்ச்சக் கூடாது. மாதம் ஒருமுறை ஒயரை விடுவித்து மேலே சொன்ன இழுத்துப் பார்க்கும் சோதனை. மழைக்காலம் முடிந்ததும், கரகரப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்னரை உருவிப் பார்ப்பது. மீன் பெட்டிக்குக் கீழே ஒரு பழைய ரெக்ஸின் துண்டைக் கட்டி, தண்ணீரை வலது பக்கமாக வழியவிட்டோம். டிஸ்க் இடது பக்கம் இருக்கிறது. செலவு பூஜ்யம்.

தம்பிக்குக் கட்டு பிரித்த வாரம் நான் ஊருக்குப் போனேன். கேபிளை நான் மாட்டவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவனே மாட்டினான். அந்தக் கையில் இன்னும் முழு பலம் வரவில்லை. அதனால்தான் இந்தச் சோதனை எனக்கு முக்கியமாக இருந்தது. வேலை முடிந்ததும் பெட்டியில் தண்ணீர் குடங்களை வைத்து, முதலில் தெருவில், பிறகு பாலத்தில் ஓட்டினான். இறக்கத்தில் நான் கையைத் தூக்கினேன். இரண்டே விரலால் லீவரை அழுத்தினான். வண்டி நின்றது.

"ஏண்ணா, இதை அன்னைக்கே போன்ல சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அடுத்த தடவை உங்களுக்கு ஒரு தம்பியோ தங்கையோ போன் பண்ணி "பிரேக் பிடிக்கல" என்று சொன்னால், "பேட் மாத்து" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஒயரை அவுத்து இழுத்துப் பாரு, கரகரங்குதா?" என்று கேளுங்கள்.